கற்பனைச் சம்பவம் நான்கு

பயிலரங்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தலைப்பு, 'புதிய தகவல் தொழில்நுட்பமும் அறமும்'. ஒருங்கிணைப்பாளரான பேராசிரியருக்குத் துறையில் 'படிவம்' என்று பெயர். முகத்துக்கு நேரே மட்டும் 'சார்'. எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பார். மின்விசிறி நின்றுபோனால் ஒன்று. அந்தப் படிவம் தீர்ந்துபோனால் அதைக் கேட்டு வாங்க இன்னொன்று.

அவர் ரொம்பவும் பெருமைப்பட்ட படிவம் ஒப்புதல் படிவம். பயிலரங்கில் விவாதிக்க யாருடைய வாழ்க்கையிலிருந்தாவது ஒரு சம்பவத்தை எடுத்தால், அந்த ஆளிடம் கையெழுத்து வாங்கி இணைக்க வேண்டும். கற்பனைச் சம்பவம் என்றால் தேவையில்லை. அதற்கென்று கீழே டிக் போட ஒரு சின்னக் கட்டம். படிவத்தை வரைந்தவரும் அவரே, சரிபார்க்கும் குழுவின் தலைவரும் அவரே.

அன்று காலை பயிலரங்குக் கையேட்டின் மெய்ப்பு அவருடைய அக்காவிடமிருந்து திரும்பி வந்தது. அக்கா ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர். தம்பியின் முதல் ஆய்வேட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அவர் கண் படாமல் எதுவும் அச்சேறியதில்லை. அதனால் பேராசிரியர் இந்தக் கையேட்டையும் யோசிக்காமல், பழக்க தோஷத்தில், அவருக்கே அனுப்பியிருந்தார்.

அறுபத்துநான்கு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. துணைவேந்தரின் வாழ்த்துரையைக்கூட அக்கா விட்டு வைக்கவில்லை. நான்காவது சம்பவம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. இரண்டாவது வரியிலேயே ஓர் எழுத்துப்பிழை பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது, அதையும் தொடவில்லை.

பேராசிரியர் அந்தப் பக்கத்தை முதலிலிருந்து மறுபடி படித்தார்.

நான்காவது சம்பவம் இதுதான். கணவனை இழந்த ஒரு வங்கி அதிகாரி, வயது நாற்பத்தைந்து. கணவர் கைப்பேசியில் விட்டுப்போன குரல் பதிவுகளை ஒரு செயலியிடம் கொடுக்கிறார். அது அந்தக் குரலிலேயே, தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைத் தொடங்கும் வழக்கத்தோடு, பேசக் கற்றுக்கொள்கிறது. தினமும் வேலைக்குக் கிளம்புமுன் அதோடு பத்து நிமிடம் பேசுகிறார். கீழே இரண்டு கேள்விகள்: 'இறந்தவரின் குரல் யாருக்குச் சொந்தம்? இது தனிமைக்கு மருந்தா, போதையா?'

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. வங்கி வாசலை மிதிப்பதும் வருஷத்துக்கு இரண்டு முறைதான். இந்த இரண்டையும் மாற்றியதும் சம்பவம் கற்பனையாகிவிட்டது என்று மனதார நம்பி, பேராசிரியர் கட்டத்தில் டிக் போட்டிருந்தார். ஒருநாள் காலை முன்னறிவிப்பில்லாமல் அக்கா வீட்டுக்குப் போனபோது சமையலறையிலிருந்து, இறந்துபோன அத்தானின் குரல் கேட்டு அவர் வாசலிலேயே உறைந்து நின்றதும், "யார்கிட்டயும் சொல்லாதேடா" என்று அக்கா கேட்டுக்கொண்டதும் படிவத்தில் வரவில்லை. ஊருக்கெல்லாம் அடையாளத்தை மறைத்துவிட்டு, அடையாளமே தேவைப்படாத ஒரே வாசகிக்குத் தன் கையாலேயே அனுப்பியும் வைத்திருக்கிறார். முனைவர் பட்டம் வாங்கியவர்களால் மட்டுமே இவ்வளவு நேர்த்தியாகக் கோட்டைவிட முடியும்.

மதியமே அச்சகத்துக்குப் போனார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், காகிதக் கட்டுகளுக்கு நடுவே அக்கா உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது.

"என்னடா, வேலை நேரத்துல?"

"அக்கா, அந்த நாலாவது சம்பவம்..."

"அதுல ஒண்ணும் திருத்தல."

"அதான் வந்தேன். எழுத்துப்பிழையைக்கூட விட்டுட்டியே."

"என்னை நானே திருத்திப் பழக்கமில்லடா."

"பேரு போடலக்கா. வயசை மாத்திட்டேன். வேலையையும் மாத்திட்டேன்."

"ஆமா, பார்த்தேன். பதினோரு வயசு குறைச்சிருக்கே, அதிகாரி ஆக்கியிருக்கே. அப்படியே ஒரு காரும் வாங்கிக் கொடுத்திருக்கலாம்ல?"

அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"அவர் தொண்டையைச் செருமறதை எதுக்குடா எழுதினே?"

"அது இருந்தாத்தான் படிக்கறவங்களுக்கு நிஜம் மாதிரி..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் காதிலும் அது விழுந்துவிட்டது.

"நிஜம் மாதிரி இருக்கணும், ஆனா கற்பனைன்னு சொல்லிக்கணும்" என்றார் அக்கா. "நல்லாருக்குடா உங்க அறம்."

பேராசிரியர் பையிலிருந்து ஒப்புதல் படிவத்தை எடுத்தார். ஆமாம், கொண்டு வந்திருந்தார். "தப்புதான்க்கா. இப்பக் கேக்கறேன். பேச வர்றவர் இதை வச்சுத்தான் மொத்தப் பேச்சையும் தயார் பண்ணியிருக்கார். விவாதக் குழுக்களுக்கும் பிரிச்சுக் கொடுத்தாச்சு. உனக்குச் சம்மதமா?"

அக்கா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"வேண்டாம்."

"அக்கா..."

"வேண்டாம்னு எழுதித் தரலாம்னா இதுல இடத்தையே காணோமே. 'ஒப்புக்கொள்கிறேன்', கீழ கையெழுத்து. அவ்வளவுதான் இருக்கு."

அவர் படிவத்தை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். மறுக்க முடியாத இடத்தில் ஒப்புதலுக்குப் பொருளில்லை என்று இருபது வருஷமாக வகுப்பெடுத்தவர். இந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட எத்தனையோ பேரின் முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

அங்கிருந்தபடியே துறை அலுவலகத்துக்குப் போன் செய்தார். எழுத்தர் எடுத்தார்.

"அம்மா, கையேட்டுல நாலாவது சம்பவத்தை எடுத்துடுங்க."

"சார்! பேச வர்றவர் நாப்பது ஸ்லைடு அனுப்பிட்டாரே. காரணம் என்னன்னு எழுதறது?"

"அது கற்பனை இல்ல, நான் பொய்யா டிக் போட்டேன்னு எழுதுங்க. சரிபார்க்கற குழுவுக்கும் அதையே அனுப்பிடுங்க."

"சார்... குழுவுக்குத் தலைவரே நீங்கதானே?"

"தெரியும்மா. அந்தப் பொறுப்பை வேற ஆள்கிட்டக் கொடுக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்துடுங்க. கையெழுத்துப் போட வந்துடறேன்."

அவர் போனை வைத்தார். அக்கா மேஜைமேல் கிடந்த தாள்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்:

"தனிமைன்னு எழுதியிருந்தே. அதுக்காக நான் அதோட பேசறதில்ல."

"பின்னே எதுக்குக்கா?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

அடுத்த கேள்வி அவர் நாக்கு நுனியில் வந்து நின்றது. எப்படிக் கேட்டால் யாராயிருந்தாலும் பதில் சொல்லிவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பிழைப்பே அதுதான். அக்கா தாள்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிக்கா" என்றார் அவர்.

அக்கா காகிதக் கட்டொன்றை நாற்காலியிலிருந்து கீழே இறக்கி வைத்தார். தம்பி உட்கார்ந்தார். அக்கா சிவப்புப் பேனாவை எடுத்து அடுத்த மெய்ப்பைப் பிரித்தார்.