முளைக்காத பக்கம்

கீழ்க் கடைவாய்ப் பல் மூன்று வாரமாக வலித்தது. பக்கத்து வீட்டில் யாரோ சுவரில் ஆணி அடிப்பதுபோல, தனக்குச் சம்பந்தமில்லாத வலியாகவே அவருக்குத் தோன்றியது. நாலு வருடமாக எல்லாமே அப்படித்தான். நாக்கில் புற்றுநோய் வந்து, அறுத்து, முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சு, ஊர்ப் பேச்சில் கரண்ட், வைத்துப் பிழைத்தவர். அதற்குப் பின் எச்சில் ஊறுவதில்லை. வாய் இரண்டு விரல் அளவுக்கு மேல் திறப்பதில்லை. கழுத்து திரும்பாத டிரைவரை வைத்து பஸ் ஓட்ட முடியாது என்று, டிப்போவில் வண்டிகள் கிளம்பும் நேரத்தைக் குறிக்கும் மேசையில் உட்கார வைத்திருந்தார்கள்.

அன்று காலை கண்டக்டர் ஒருவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"என்ன ஹாரன், கன்னம் வீங்கியிருக்கு? அண்ணியோட கைவரிசையா?"

தெருமுனை வரை கேட்ட பழைய குரலுக்காக வைத்த பெயர். குரல் போய்க் கரகரப்பு வந்த பிறகும் யாரும் அதை மாற்றவில்லை.

"பல்லு."

"பிடுங்கித் தூரப் போடுய்யா. அத வச்சு நீ என்ன கல்லையா கடிக்கப் போற?"

அவருக்கும் அதுவே சரியென்று பட்டது. கரண்ட் வைத்த தாடையில் பல்லைப் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம், எங்களைக் கேட்காமல் யாரையும் கைவைக்க விடாதீர்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதை அவர் மறக்கவில்லை. ஆனால் மனைவியிடம் சொன்னால் அவள் முகம் வெளுக்கும். மறுபடி வரிசை, மறுபடி டோக்கன். அலுத்துவிட்டது. மதியம் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு எதிர்த்தெருப் பல் மருத்துவரிடம் போனார். படிவத்தில் 'முன்பு வந்த நோய்கள்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார்.

சாய்வு நாற்காலியில் உட்கார்ந்ததும் உதவியாளர் அம்மா கழுத்துக்குத் துண்டு கட்டினார். விரல்கள் பாதியில் நின்றன. டாக்டர் அடுத்த அறையில் இருந்தார்.

"என்ன தம்பி, ஒரு பக்கம் நாலு நாள் தாடி, ஒரு பக்கம் வழவழன்னு இருக்கு. பாதியில பிளேடு உடைஞ்சிடுச்சா?"

அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"இருபது வருஷமா கழுத்துக்குத் துண்டு கட்டுறேன். முடி முளைக்காத பக்கம் தோலும் கட்டையா இருக்கு. கரண்ட் வச்சாங்களா?"

"ம்."

"பேப்பர்ல எழுதலியே?"

"நாலு வருஷம் ஆச்சு."

"எலும்புக்குக் காலண்டர் பாக்கத் தெரியாதே தம்பி. பிடுங்கினா என்ன ஆகும்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

திட்டியிருந்தால் எழுந்து வேறு டாக்டரைத் தேடிப் போயிருப்பார். அந்த அம்மா துண்டின் முடிச்சைத் தளர்த்தி, "இறுக்குதா?" என்று மட்டும் கேட்டார். நாலு வருடத்தில் அந்தக் கழுத்தைத் தொட்டவர்கள் எல்லோரும் கட்டி இருக்கிறதா என்றுதான் தேடினார்கள். இறைவன் அன்று அவரைத் தடுக்க அந்த அம்மாவின் இரண்டு விரல்களே போதுமென்று நினைத்திருக்க வேண்டும்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா? சொல்லாம விட மாட்டேன்."

"நானே சொல்றேன்."

சொன்னார். ஊசியோடு வந்த டாக்டர் அதைத் தட்டில் வைத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து வெகுநேரம் பேசினார்.

"பிடுங்க வேண்டாம் சார். வேரைச் சுத்தம் பண்ணி அடைச்சுக் காப்பாத்தப் பாக்கலாம். வாய் திறக்கிற அளவுக்குத்தான் வேலை செய்ய முடியும். நாலஞ்சு தடவை வரணும்."

"சரி."

அன்றே தொடங்கினார்கள். நாக்கு காய்ந்து ஒட்டும்போதெல்லாம், கேட்காமலே, அந்த அம்மா துளித்துளியாகத் தண்ணீர் விட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மனைவிக்குப் போன் செய்தார்.

"பல் டாக்டர்கிட்ட இருக்கேன்."

மறுமுனையில் பாத்திரச் சத்தம் நின்றது. "பிடுங்கிட்டாங்களா?"

"இல்ல."

"கரண்ட் வச்சதைச் சொன்னீங்களா?"

"மொதல்ல சொல்லல. அப்புறம் சொன்னேன்."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது.

"அங்கேயே உக்காந்திருங்க. எங்கயும் நகரக் கூடாது. வந்து வச்சுக்கிறேன் கச்சேரிய." குரல் உடைந்திருந்தது.

அவருக்கு அழுகை வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. அடுத்த செவ்வாய் மூன்று மணி என்று எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அவள் உட்கார இடம் விட்டுப் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தார்.