ஒத்தக்கடைக்குக் கோபித்துப் போன மாத்திரைப் பெட்டி

திருமங்கலம் காசிமாயன் வீட்டு மாத்திரைப் பெட்டி ஒரு புதன்கிழமை காலையில் கோபித்துக்கொண்டு, அடியில் இருந்த நான்கு ரப்பர் குமிழ்களால் பேருந்து நிலையம்வரை நடந்து, இரண்டு பஸ் மாறி ஒத்தக்கடையிலுள்ள தன் பிறந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பிறந்த வீடு என்பது ஒரு பொறியியல் கல்லூரியின் மாடி ஆய்வகம். பெட்டியை வடிவமைத்த ஹம்சவேணி மதியம் கை கழுவிவிட்டு வந்தபோது, அது அவள் மேசைமேல் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. நடத்துநர் டிக்கெட் கேட்கவில்லை. பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று முன் சீட்டிலேயே இடம் கொடுத்தாராம்.

பெட்டிக்கு முதலில் ஆய்வக இயக்குநர் சூர்யபிரகாஷின் குரலைத்தான் வைத்திருந்தார்கள். 'மதிப்பிற்குரிய பயனாளியே, தாங்கள் மருந்து உட்கொள்ளும் தருணம் கனிந்துவிட்டது' என்று அது முடிப்பதற்குள் பயனாளி போய் டீ குடித்துவிட்டு வந்துவிடுவார். அறிமுக விழாவில் இயக்குநர் ஒன்றே கால் மணி நேரம் பேசியதில் முன்வரிசைச் சர்க்கரை நோயாளிகள் இருவர் மயங்கி விழுந்தார்கள். விழா மலரில் அதை 'உணர்ச்சிப் பெருக்கு' என்று போட்டிருந்தார்கள். ஹம்சவேணி வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். ஆண்கள் பெண்டாட்டி சத்தம் போட்டால்தான் மாத்திரை போடுகிறார்கள் என்று தெரிந்ததும், நாற்பது மனைவிமார் தங்கள் புருஷன்களை மாத்திரைக்குக் கூப்பிடுவதைப் பதிவுசெய்து, ஒரே குரலாக்கிப் பெட்டிக்குள் வைத்தாள். பிரமாதமாக வேலை செய்தது. மின்வெட்டுக்கும் எறும்புக்கும் முன்யோசனையாக வழி செய்திருந்தவள், நாற்பது பேரின் குரலோடு நாற்பது பேரின் ரோஷமும் உள்ளே போகும் என்று நினைக்கவில்லை.

காசிமாயனுக்கு ஒருமுறை நெஞ்சுவலி வந்து, இதயத்து அடைப்பில் ஸ்டென்ட் குழாய் வைத்திருந்தார்கள். மாத்திரையைப் பத்து நாள் விட்டால் ஆள் தங்கமாட்டார் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். ஆனால் ஊரில் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் 'முன்னிலை' என்று தன் பெயர் இல்லாவிட்டால் பந்தியில் உட்காராத மனிதர் அவர். அந்தப் புதன்கிழமை, பத்திரிகை வைக்க வந்த நாலு பேர் எதிரில் பெட்டி, "மொதல்ல மாத்தரையப் போட்டுட்டு அப்புறம் பெருமை பேசுங்க" என்றது. அவர், "வாய மூடு, டப்பா" என்றார். அது போய்விட்டது.

அவர் மனைவி சின்னத்தாய் கடையில் வேறு மாத்திரை வாங்கி வந்தாள். வாசற்படி தாண்டியதும் அவை அட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கி, வரிசையாக உருண்டு பஸ் ஏறின. சனிக்கிழமைக்குள் நாற்பத்திரண்டு மாத்திரைகள் ஒத்தக்கடைக்கு வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. இயக்குநர், மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்றார். மூன்று முறை புதுப்பித்தார்கள். பெட்டி பொறுமையாகக் கேட்டுக்கொண்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பியது. ஹம்சவேணி விரலை மடக்கி நாள் எண்ண ஆரம்பித்தாள்.

ஆறாம் நாள் காசிமாயன் மாடிப்படியில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, மனைவியோடும் மைத்துனன் காளையோடும் வந்து சேர்ந்தார். கோபித்துப் போனவளை அழைக்கப் போகும் முறைப்படி தட்டில் தேங்காய், பழம், பூ. பெண் வீட்டார் இடத்தில் ஹம்சவேணி உட்கார வேண்டியதாயிற்று.

"ஏத்தா, பொட்டியக் குடு, வெரசாப் போகணும்" என்றார் காசிமாயன்.

"எடுத்துக் குடுக்க அது என்ன சாமானா? நீங்க கூப்புடுங்கய்யா. வந்தா கூட்டிட்டுப் போங்க."

"கூப்புடுங்க மச்சான், இங்க யாரும் போட்டா எடுக்கல" என்றான் காளை.

காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாலு பேரு முன்னால வாய விட்டுட்டேன். தப்புத்தான். வா... வாங்க, போவம்" என்றார். பெட்டி திரும்பி ஒரு மாத்திரையை நீட்டியது. விழுங்கினார்.

அதுவரை கதவோரம் நின்றிருந்த சின்னத்தாய் பேசினாள். "நானும் மூணு தடவ கல்லுப்பட்டிக்கு, எம் பொறந்த வீட்டுக்குக் கோவிச்சுட்டுப் போனேன். மூணு தடவையும் நானாத்தான் பஸ் ஏறி வந்தேன். ஒரு டப்பாவுக்குத் தேங்கா பழத்தோட வந்துருக்கீக." தட்டிலிருந்த பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, தம்பி காளையோடு கல்லுப்பட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

பெட்டி காசிமாயனோடு திருமங்கலம் போனது, ஆனால் திறக்கவில்லை. பெட்டிகளைக் கண்காணிக்கும் ஹம்சவேணியின் திரையில் அடுத்த ஏழு நாளும் மாத்திரைக் கட்டம் காலி. தினமும் போன் போட்டு, சின்னத்தாயைப் போய்க் கூட்டிவரச் சொல்லிக் கெஞ்சினாள். "நா... நல்லாத்தே... இருக்கேன்" என்று அவர் ஒரு வாக்கியத்துக்கு மூன்று மூச்சு செலவழித்தார். எட்டாம் நாள் விடிந்ததும் வரைபடத்தில் பெட்டியின் புள்ளி நகர்ந்தது. பூக்கடைப் பக்கம் கொஞ்சம் நின்றது. பிறகு தெற்கே போய்க் கல்லுப்பட்டியில் ஒரு வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு, ஒரு மாத்திரை உள்ளே போனதாகக் குறி விழுந்தது.

ஹம்சவேணி சோதனை அறிக்கையில் 'குறைபாடு' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள். இப்போது மாதம் இரண்டு மூன்று பெட்டிகள் ஒத்தக்கடைக்கு வருகின்றன. வாட்ச்மேன் அவற்றுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, மாடிக்கு வழி காட்டுகிறார்.