சிவப்புப் பக்கம்

லஸ் முனைக்குப் பக்கத்திலிருந்த அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேருகிற எவருக்கும் முதல் பாடம் ஒன்றுதான். ரிப்போர்ட் பார்க்கும் பக்கத்தைத் திறந்தால், 'இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக ஓர் எச்சரிக்கை வரும். அதைக் கண்டுகொள்ளாமல் கீழே போய்த் 'தொடர்க' என்பதை அழுத்த வேண்டும். பாடம் நடத்துவது ஜுவேரியா. "அது சும்மா கத்தும்மா. நம்ம ஆபீஸ் சர்வர்தான், நீ பாட்டுக்கு அழுத்திக்கினு போ" என்பாள். வெறும் வயிற்றோடு இருபது பேர் வாசலில் நிற்கும்போது கம்ப்யூட்டரின் பயத்தையெல்லாம் யார் உட்கார்ந்து கேட்பது?

திங்கட்கிழமை காலை கிளை மேலாளர் சந்திரிகா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். மெஹக் என்ற பெண்ணின் ரிப்போர்ட், அவள் கைக்குப் போவதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரின் போனுக்குப் போயிருந்தது. தைராய்டு கொஞ்சம் ஏறியிருந்தது, அவ்வளவுதான். பெண் சீக்காளி என்று சொல்லி அவர்கள் கல்யாணத்தையே நிறுத்திவிட்டார்கள்.

"உன் பாஸ்வேர்ட்லதான் அதைத் திறந்திருக்காங்க, ஜுவேரியா. உன் தம்பிக்கு அந்தப் பொண்ணைக் கேட்டு, முடியாதுன்னுட்டாங்களாமே? அந்தக் கோபத்துல நீதான் செஞ்சேன்னு அவங்கப்பா சொல்றாரு."

கேட்டதும் நிஜம், மறுத்ததும் நிஜம். தம்பி ஷோயப் இரண்டு மாதம் வீட்டில் யாரோடும் பேசாமல் கிடந்ததும் நிஜம். அதற்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போடுவாளா? ஜுவேரியாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"அல்லா மேல சத்தியமா நான் தொறக்கல, மேடம்."

"அப்ப யாரு? சாயங்காலத்துக்குள்ள தெரியலைன்னா ஹெட் ஆபீஸ் உன்னை வேலையில வச்சுக்காது."

இருக்கைக்குத் திரும்பியபோது அவள் கண்ணுக்கு எல்லாருமே திருடர்களாகத் தெரிந்தார்கள். அதிலும் பக்கத்து நாற்காலி ஸஹானா. சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. தான் பாஸ்வேர்ட் தட்டும்போது இவள் பார்வை விரல்மேல் போனதில்லையா? போயிருக்கும். சனிக்கிழமைகூட எதற்கோ எட்டிப் பார்த்தாளே.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க? காபி வாங்கிண்டு வரட்டுமா?" என்றாள் ஸஹானா.

இந்தக் கரிசனம் எதற்கு? மத்தியானம் ஜுவேரியா சந்திரிகாவின் அறைக்குப் போய், ஸஹானா தன் பாஸ்வேர்டைப் பார்த்ததைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொல்லிவிட்டு வந்தாள். வெளியே வந்ததும் மனசு லேசானது. பத்து நிமிஷம்தான், பிறகு கனத்தது.

மூன்று மணிக்கு நந்தனம் தலைமை அலுவலகத்திலிருந்து பிரணவ் வந்தான். கம்ப்யூட்டர் பாதுகாப்பு அவன் பொறுப்பு. ஒவ்வொரு கம்ப்யூட்டராக உட்கார்ந்து என்னவோ ஏற்றினான்.

"இவ்வளவு நாள் நம்ம சர்வர் 'நான்தான் ஆபீஸ்'னு சொல்லும், அதுக்குச் சாட்சி சொல்ல ஆள் இல்ல. அதான் சிவப்பு வந்துது. இப்ப சர்வருக்கு முறையான சான்றிதழ் கொடுத்தாச்சு. இனிமே சிவப்பு வந்தா அது நம்ம சர்வரே இல்ல. யாரும் அழுத்தாதீங்க" என்றான்.

ஸஹானாவின் திரையில் பக்கம் முணுமுணுக்காமல் திறந்தது. மற்ற நான்கிலும் அப்படியே. ஜுவேரியாவின் திரையில் மட்டும் சிவப்பு.

பிரணவ் மறுபடி ஏற்றிப் பார்த்தான். மறுபடி சிவப்பு. இத்தனை வருஷத்தில் ஒருவரும் படிக்காத அந்த எச்சரிக்கையை அவன் வரி வரியாகப் படித்தான்.

"அக்கா, நீங்க பாஸ்வேர்ட் போடறது நம்ம பக்கத்துல இல்ல. அதே மாதிரி செஞ்சு வச்ச வேற பக்கம். பாஸ்வேர்டை வாங்கிட்டு உங்களை நம்ம பக்கத்துக்குத் தள்ளி விடுது. நம்ம சிவப்பையே தினம் தாண்டிப் பழகினவங்களுக்கு இந்தச் சிவப்பு எப்படி வித்தியாசமாத் தெரியும்?"

குனிந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனவன், இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து உள்ளங்கை அகல வெள்ளைப் பெட்டி ஒன்றை எடுத்தான். "அந்தப் பொய்ப் பக்கத்தைக் காட்டறது இதுதான். நம்மளோடது இல்ல. யார் வச்சா?"

சந்திரிகா நேராக ஸஹானாவைப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாது, மேடம்."

ஜுவேரியாவுக்குத் தெரிந்தது. போன மாதம், நெட் இழுக்கிறது என்று அவள் வீட்டில் அலுத்துக்கொண்டபோது, கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் ஷோயப் இரண்டு மாதம் கழித்து வாயைத் திறந்தான். "நான் வந்து சரி பண்றேன், ஆபா." தம்பி பேசிவிட்டான் என்று அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. தானே அழைத்து வந்து, மேஜைக்கடியில் அவன் வேலை பார்த்து முடிக்கும்வரை டீ வாங்கிக் கொடுத்துக் காத்திருந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலையும் தங்கும், தம்பியும் தப்புவான். சந்திரிகா ஸஹானாவின் பையைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸஹானா ஜிப்பை இழுக்கப் போனாள்.

"அந்தப் பொண்ணை வுடுங்க, மேடம்" என்றாள் ஜுவேரியா. "பொட்டியை வச்சது என் தம்பி. கூட்டிக்கினு வந்தது நானு. இவ பாஸ்வேர்டைப் பார்த்தான்னு மத்தியானம் சொன்னது பொய்."

பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸஹானா மெதுவாகக் கேட்டாள்.

"என் பேரையா சொன்னேள், அக்கா?"

தம்பியைக் காட்டிக் கொடுத்தபோது வராத அழுகை ஜுவேரியாவுக்கு அப்போது வந்தது.