சுவருக்கு ஆகாத உப்பு

எங்கள் உமாராணியின் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை மாரிராஜ் என்னைப் படம் எடுத்தார். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தவர், குற்றாலத்தில் நாங்கள் வேலை பார்க்கும் லாட்ஜ் கட்டடத்துக்கே பத்திரிகை கொண்டுவந்து கொத்தனாருக்கும் மற்றவர்களுக்கும் கொடுத்தார். நான் தலையில் கலவைச் சட்டியோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். இங்கன பாருங்க அத்தை என்றார். திரும்பினேன். அவ்வளவுதான்.

சாயங்காலம் தென்காசி பஸ்ஸில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தால் நான் தூங்கிவிடுகிற ஆள். அன்றைக்குப் போனைத் திறந்துவிட்டேன். சொந்தக்காரர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் என் படம். கீழே இங்கிலீஷில் ஒரு வரி. எனக்குத் தமிழ் எழுத்தே தலை நரைத்த பிறகு, அங்கன்வாடியில் நடந்த சாயங்கால வகுப்பில்தான் வந்தது. இங்கிலீஷுக்கு எங்கே போக. ஆனால் வரியை அமுக்கிப் பிடித்தால் தமிழாக்கிக் காட்டும் என்று உமாராணி பழக்கியிருந்தாள். அமுக்கிவிட்டு எழுத்தெழுத்தாகக் கூட்டினேன்.

‘என் அத்தை. மண்ணின் உப்பு.’

தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பவும் கூட்டினேன். அதேதான் வந்தது.

சித்தாள் வேலை பார்க்கிறவளுக்கு உப்பைப் பற்றி யாரும் சொல்ல வேண்டாம். மணலில் உப்பு இருந்தால் பூச்சு நிற்காது. உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் சுவர் பொரிந்து உதிரும். விவரம் தெரிந்த வீட்டுக்காரர் மணலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு லோடைத் திருப்பி அனுப்பிவிடுவார். நான் பிறந்த ஆலங்குளம் பக்கத்தில் அதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. உப்பு ஏறின வயலில் விதை முளைக்காது. பிள்ளை இல்லாதவளை அங்கே உவர் மண் என்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், காதில் விழுகிற தூரத்தில் சொல்வார்கள்.

எனக்குப் பிள்ளை இல்லை. உமாராணி என் வீட்டுக்காரர் தங்கசாமியின் தங்கை மகள். பெற்றவள் செத்து, அப்பன் வேறு குடும்பம் தேடிப் போன பிறகு எங்களிடம் வந்தவள். அப்போது அவளுக்குச் சோறு பிசைந்து உண்ணத் தெரியாது. கல்யாணத்தில் அவளை நாங்கள்தான் தாரை வார்ப்பது என்று பேச்சு. என் வீட்டுக்காரரின் அக்கா ஆனந்தவள்ளி மதினிக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளை பெற்ற கை ஊற்றினால்தானே பெண்ணின் வயிறு விளங்கும், நாங்கள் வந்து நிற்கிறோமே என்று எல்லார் காதிலும் போட்டாள். உமாராணி அசையவில்லை. அத்தையும் மாமாவும் இல்லாமல் மணவறையில் உட்கார மாட்டேன் என்றாள். அவள் பிடித்த பிடிதான் எனக்குத் தைரியம்.

இப்போது மாப்பிள்ளையே ஊரறிய எழுதிவிட்டார். மதினி அதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, மதினியே நிற்கட்டும் என்றேன். உமாராணி ஏன் ஏன் என்று கேட்டாள். முதுகு வலிக்கிறது, அவ்வளவு நேரம் நிற்க முடியாது என்றேன். நாள் முழுக்கச் சாரத்தில் ஏறி இறங்குகிறவள் சொல்கிற காரணமா அது? அவள் நம்பவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நானும் கூட வேலை பார்க்கிற ஜெபமலரும் மணல் சலித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வந்து நின்றார். சாரலில் சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

“உமா அழுதுக்கிட்டு இருக்கா அத்தை. தாரை வார்க்க வர மாட்டேன்னீங்களாம். நான் எதும் தப்பாப் பேசிட்டேனா?”

“நீங்க எங்க பேசினீங்க, எழுதித்தான போட்டிருக்கீங்க. உப்பு மண்ணு வந்து தாரை வார்த்தா நல்லாவா இருக்கும்?”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் செத்துப்போனது. அவருடைய ஆபீசர் மனசுக்குப் பிடித்த ஆட்களை அப்படித்தான் சொல்வாராம். பனியில் ரேஷன் வண்டி வராத சமயம், சமையல்காரர் ஒருவர் தன் பங்கு ரொட்டியைப் பிய்த்துச் சிப்பாய்களுக்குக் கொடுத்தாராம். அவரைப் பற்றி ஆபீசர் சொன்ன வார்த்தை அது. என்னைச் சட்டியோடு பார்த்ததும் அந்த ஞாபகம்தான் வந்தது என்றார்.

அதற்கு ஏன் உப்பு என்று சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அது அவருக்குத் தெரியவில்லை.

ஜெபமலர் சல்லடையைச் சாய்த்து வைத்தாள். “ஏட்டி, அது எங்க வேதத்துல உள்ள பேச்சுல்லா. இயேசு சாமி மலையில உக்காந்து, வந்திருந்த ஏழை சனங்களைப் பாத்துச் சொன்னது. நீங்கதான் இந்தப் பூமிக்கு உப்புன்னு.”

“பூமிக்கு உப்பா, பூமியில உப்பா?”

“பூமிக்குத்தான். கொழம்புக்கு உப்பு மாதிரி.”

“உப்பு இருந்தா சுவரு என்ன கதியாகும்னு உனக்குத் தெரியாதா?”

“சுவத்துக்கு ஆகாது, சோத்துக்கு ஆகும். ஏட்டி, நீ என்ன சுவரா?”

மேலே நின்ற கொத்தனார் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. படத்தை அழித்துவிடுகிறேன் என்று போனை வெளியே எடுத்தார். வேண்டாம் என்றேன். அழித்தால் மதினி, தான் நினைத்ததுதான் சரி என்று இருந்துவிடுவாள். கீழே தமிழில் எழுதுங்கள், உமாவை வளர்த்தவள் என்று போட்டால் போதும் என்றேன்.

அவர் நனையாமல் சாரத்துக்கு அடியில் ஒதுங்கி நின்று எழுதினார். பிறகு போனை என் கையில் கொடுத்தார். ‘எங்க உமாவை வளர்த்தவங்க. எங்க வீட்டுச் சோத்துக்கு உப்பு.’ கூட்டி முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

“உமாவைச் சாப்பிடச் சொல்லுங்க,” என்றேன். “நான் வாரேன்.”

கல்யாணத்தன்று மதினி முன்வரிசையில்தான் இருந்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மாப்பிள்ளை கையின் மேல் உமாராணியின் கையை வைத்து, கீழே என் வீட்டுக்காரர் தாங்கிப் பிடித்தார். செம்பு என் கையில். ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினேன். எப்போது நிறுத்துவது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூன்று கையும் நிறைந்து தண்ணீர் மணவறையில் ஓடியது. ஐயர் போதும்மா, போதும்மா என்றார்.

“அத்தை ஊத்தட்டும் சாமி,” என்றாள் உமாராணி.