சல்லடைக்குக் கீழே

மணல் திட்டில் சோதனைக்குக் குறித்த பத்துச் சதுரங்களில் ஒன்பதாவதையும் தோண்டிச் சலித்தாகிவிட்டது. சல்லடையில் தங்கியவை இரண்டு கூழாங்கற்கள், ஒரு நண்டு ஓடு, வாய் பிளந்து கிடந்த வெற்று மட்டி ஓடுகள் நாலைந்து. உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. ஒப்துலியா தாளில் ஒன்பதுக்கு எதிரே பூஜ்யம் போட்டாள். போட்ட வேகத்தில் பென்சில் முனை முறிந்தது. எதிரே ரப்பர் பூட்ஸோடு நின்ற செல்சா சிரிக்கவில்லை. அவள் சிரித்துத் தொலைத்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஒப்துலியாவுக்கு.

"அண்ணி, இந்தத் திட்டுல மிச்சம் இருக்கிற மட்டி நாம ரெண்டு பேருந்தான்," என்றாள் செல்சா.

ஒப்துலியாவின் கணவனுடைய தங்கை அவள். நாத்தனார் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது இந்தக் கலீசியாக் கடற்கரையிலும் உண்மைதான். ஆனால் இன்று அவள் வாயை அடக்கச் சொல்ல ஒப்துலியாவிடம் ஒரு நியாயமும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் மூன்று வாரம் விடாமல் மழை பெய்தது. மேலே அணைகளைத் திறந்துவிட்டார்கள். கழிமுகம் முழுக்க நல்ல தண்ணீர் நிறைந்தது. மனுஷனுக்கு நல்ல தண்ணீர், மட்டிக்கு விஷம். வெள்ளம் வடிந்தபோது இந்த லாமெய்ராத் திட்டு முழுக்க ஓடுகள் வெள்ளை வெளேரென்று பிளந்து கிடந்தன. மட்டி பொறுக்கும் சங்கத்துப் பெண்கள் நடக்கும்போது காலடியில் நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஒருவரோடொருவர் பேசாமல் வீடு திரும்பினார்கள். அதற்கப்புறம் நடந்த கூட்டத்தில், திட்டை மூட வேண்டும், ஒரு கைக்கொத்துகூட மணலில் படக் கூடாது என்று எழுந்து நின்றவள் ஒப்துலியா. மூன்று கை வித்தியாசத்தில் ஜெயித்தாள். மூடச் சொன்னவளே காவலும் காக்கட்டும் என்று தொலைநோக்கியை அவள் கழுத்திலேயே மாட்டிவிட்டார்கள். தன்னோடு குனிந்து மட்டி பொறுக்கியவர்களையே இரண்டு வருஷமாகக் கரையில் மறித்துத் திருப்பி அனுப்பினாள். பாதிப் பேர் ரொட்டிக் கடையில் அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செல்சா மீன் டப்பா ஆலைக்குப் போய்ச் சேர்ந்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் கையை விட்டுப் போகாத எண்ணெய் நாற்றத்தோடு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்து உட்காருவாள்.

போன வாரக் கூட்டத்தில் செல்சா வெடித்தாள். "ரெண்டு வருஷமா பூட்டி வெச்சு என்னத்த விளைஞ்சுது? ஓடை விளிம்புல தப்பிச்ச பெரிய மட்டிங்க கொஞ்சம் இருக்கு. அதையாவது கிறிஸ்துமஸுக்குள்ள எடுத்துக்கறோம். வயிறு உன் பேச்சைக் கேக்குமா?"

ஒப்துலியாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "திட்டுல உயிர் இல்லேன்னு ஆச்சுன்னா, என் உரிமத்தை இந்த மேஜை மேல வெச்சுட்டுப் போயிடறேன்," என்று சொல்லிவிட்டாள். விட்ட வார்த்தையை அள்ள முடியுமா? மட்டி பொறுக்கும் உரிமங்கள் எண்ணிக் கொடுப்பவை. திருப்பிக் கொடுத்தால் காத்திருக்கும் வரிசையில் அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். இருபத்திரண்டு வருஷம் இந்த மணலில் நடந்த கால் அதற்கப்புறம் இங்கே படக் கூடாது.

சோதனை எடுக்கப் போகிறவர்கள் இரண்டு பேர், கட்சிக்கு ஒருத்தி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். சங்கத்தில் வேலை பார்க்கும் உயிரியல்காரி ஷியானாவுக்குக் காய்ச்சல். சதுரச் சட்டத்தையும் தாளையும் கொடுத்தனுப்பி, "சல்லடை கொட்டகைக் கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்று போனில் சொல்லியிருந்தாள்.

பத்தாவது சதுரம்தான் கடைசி. ஒப்துலியா முழங்கை அளவு தோண்டிச் சல்லடையில் கொட்டி, ஓடைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஆட்டினாள். மணல் முழுக்கக் கீழே விழுந்தது. சல்லடையில் ஒன்றும் இல்லை. செல்சா வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து கீரை சூப்பை ஊற்றிக்கொண்டாள். பாவம் பார்த்தோ என்னவோ, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஒப்துலியா குனிந்தபடியே நின்றாள். நிமிர்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். கண் சல்லடைக்குக் கீழே விழுந்த மணல் குவியலில் நிலைத்திருந்தது. குவியல் அசைந்தது.

தண்ணீர் வடிவதால் இருக்கும் என்று நினைத்தாள். தண்ணீர் வடிந்து முடிந்தது, குவியல் நிற்கவில்லை. உலை கொதிக்கத் தொடங்கும்போது மேலே அரிசி புரளுமே, அப்படி மெல்லப் புரண்டுகொண்டிருந்தது.

"செல்சா. இங்க வா."

"எதுக்கு?"

"வாடீ."

செல்சா வந்து பார்த்தாள். அவளுடைய பார்வை குவியலிலிருந்து சல்லடைக்கு ஏறி, அதன் கண்களில் நின்றது. ஒரு விரலை உள்ளே விட்டாள். விரல் தாராளமாக நுழைந்தது.

"அண்ணி, இது பொறுக்குற சல்லடை."

கதவுக்குப் பின்னால் இரண்டு சல்லடைகள் இருந்தன, சோதனைக்கான பொடிக்கண் சல்லடை ஒன்று, பொறுக்குவதற்கானது ஒன்று. ஒப்துலியாவின் கை தானாகப் பழகியதை எடுத்திருந்தது. சிறிசு கீழே விழட்டும், பெரிசு மட்டும் தங்கட்டும் என்று செய்த சல்லடை. அளவு இல்லாததைக் கடலுக்கே விடு என்ற சட்டம் இருபத்திரண்டு வருஷத்தில் கையோடு நிற்காமல் கண்ணுக்கும் ஏறிவிட்டது. கீழே விழுந்ததை இருவரில் ஒருத்தியும் பத்துச் சதுரத்திலும் திரும்பிப் பார்க்கவில்லை.

செல்சா சூப்பைக் கீழே கொட்டினாள். கோப்பையை அலசி, குவியலிலிருந்து ஒரு பிடி மணலை அள்ளிப்போட்டு, அரிசியில் கல் அரிப்பது போலத் தண்ணீரைச் சுழற்றிச் சுழற்றி வடித்தாள். மணல் போகப் போக, கோப்பையின் அடியில் குருணை குருணையாக என்னவோ தங்கியது. அத்தனையும் மட்டி. கண்ணாடி மாதிரி ஓடு, அதற்குள்ளேயே பெரியவற்றுக்கு இருக்கிற அதே பழுப்பு வரிகள், ஒன்றில்கூட வரி தப்பவில்லை. அறுபத்தொன்று வரை எண்ணிய செல்சா நிறுத்திவிட்டாள். உள்ளங்கையில் எடுத்து வைத்த ஒன்று, நூல் போன்ற காலை நீட்டி, அவள் தோலில் மணலைத் தேடியது.

"கைய தோண்டப் பாக்குது," என்றாள் செல்சா.

யாரும் விதைக்கவில்லை. யாருக்கும் தெரியாது. ஒப்துலியா நிமிர்ந்து பின்னால் பார்த்தாள். காலையிலிருந்து தோண்டிப் போட்ட ஒன்பது குவியல்களும் வெயிலில் பளபளத்தபடி அசைந்துகொண்டிருந்தன. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கோயிலில்கூட வராத பயம் கலந்த சந்தோஷம் அது. தோண்டிய இடத்திலேயே இத்தனை என்றால், தோண்டாத இடத்தில்?

"இதுங்க எங்கேர்ந்து வந்துது?" என்றாள் செல்சா. கேட்டுவிட்டு அவளே ஓடை விளிம்பைப் பார்த்தாள். தப்பிப் பிழைத்த பெரிய மட்டிகள் இருக்கும் இடம். கிறிஸ்துமஸுக்கு எடுத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்ட இடம். முகம் சிவந்தது.

"வளர எத்தனை வருஷம் ஆகும் அண்ணி?"

"ரெண்டு. மூணும் ஆகலாம்."

"மூணு வருஷம் நான் டப்பாவுல மீன் அடுக்கணுமா?"

ஆமாம் என்பதுதான் பதில். கையெழுத்து இல்லாத தாளை ஒப்துலியா மடித்துப் பைக்குள் வைத்தாள். கடல் ஏற்றம் தொடங்கிவிட்டது. ஓடையில் தண்ணீர் திரும்பி, திட்டின் ஓரத்தை நக்கத் தொடங்கியது.

செல்சா உள்ளங்கையைத் தண்ணீருக்குள் வைத்து, அந்தக் குருணை மட்டி தானாக இறங்கிப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு எழுந்து கரைக்குப் போகக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது. எங்கே வைப்பாள்? மிதிக்காத மணல் எல்லாம் இப்போது ஆள் இருக்கும் வீடு.

காலையில் தொம் தொம்மென்று கோபத்தில் நடந்து வந்தவளின் தடங்கள் கரைவரை ஆழமாகப் பதிந்திருந்தன. செல்சா வாளியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தூக்கிய காலைத் தன் பழைய தடத்துக்குள் வைத்தாள். அடுத்ததை அடுத்த தடத்தில். ஒப்துலியா அவளுக்குப் பின்னால், அதே தடங்களில். அவர்கள் கால் எடுத்த ஒவ்வொரு குழியிலும் தண்ணீர் வந்து நிறைந்தது.