ஈரச் சீட்டில் மாப்பிள்ளை

என் மகள் மஹதியின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கூரை திறக்கிற கார் வேண்டும் என்றபோது, "நம்ம காரே இருக்கே" என்று மார்தட்டியது நான்தான். மூடி வைத்தாலும் ஒழுகுகிற கூரை அது. காலை மழையில் ஊறிப்போன சீட்டுகளை ஜமக்காளத்தால் மறைத்துவிட்டு நானே ஓட்டினேன்.

மாட வீதி திரும்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. பிறகு மஞ்சளாக இரண்டு.

"என்ன மாமா, லைட்டெல்லாம் எரியறது?" என்றார் பின்சீட்டில் கோட்டு சூட்டோடு இருந்த மாப்பிள்ளை ஹரிகேஷ்.

"ஒண்ணுமில்ல மாப்ளே, கல்யாணக் களை."

வண்டி நின்றால் தள்ளிக்கொள்ளலாம். சம்பந்தி வீட்டார் முன்னால் மாப்பிள்ளை இறங்கி முதுகைக் காட்டித் திரும்பினால் என்ன செய்வது?

மண்டப வாசலில் அவர் என் காதருகே குனிந்தார்.

"மாமா, சீட்டு ஈரம். பேண்ட் நனஞ்சுடுத்து."

"தெரியும் மாப்ளே. மன்னிச்சுடுங்கோ."

"உங்க வேஷ்டி?"

"அதுவும்தான்."

"அப்ப எனக்குப் பின்னாடி ஒட்டிண்டு வாங்கோ. உங்களுக்குப் பின்னாடி மாமியை வரச் சொல்லுங்கோ."

"எதுக்குன்னா இப்படி இடிச்சுண்டு போறேள்?" என்று கேட்டுக்கொண்டே என் மனைவி கோமளம் பின்னால் வந்தாள். மஹதிக்கு நல்ல இடம்தான் அமைந்திருக்கிறது. எனக்குக் கார்தான் அமையவில்லை.