பெயரில்லாத பதினோரு மாப்பிள்ளைகள்

1

இந்தக் கதை ஒரு தவறிலிருந்து வந்தது. தவறு என்னுடையது. பெஞ்சமேன் தலையில் கட்டியிருக்கிறேன்.

முதல் தொடக்கம்: ‘2006. கடல் அன்று அமைதியாக…’ வேண்டாம். அவன் அறையிலிருந்து கடல் தெரியாது.

இரண்டாவது: புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஜெர்மேன் அம்மாள் திருமணத் தகவல் மையம் நடத்தினாள். பாரிசில் இருப்பவர்களும் பார்க்க இணையதளம் கேட்டாள். மருமகன் பெஞ்சமேன் எழுதித் தந்தான். அவள் மகள் கரீன் இறந்து இரண்டு வருடம். மறுமணப் பட்டியலில் தன் பெயரைச் சேர்க்க மட்டும் அவன் சம்மதிக்கவில்லை.

இது போதும்.

2

(தொழில் தெரியாதவர்களுக்கு: பி.எச்.பி. என்ற கணினி மொழியில் ‘வரன்’ என்று ஒரு கிளாஸ், அதாவது அச்சு. புதிய வரன் உருவானதும் பெயர், வயது, வேலையை நிரப்புவது அதன் கன்ஸ்ட்ரக்டர். ‘மறுமண வரன்’ அதன் பிள்ளை; துணை இறந்த தேதியை நிரப்புவது அதன் சொந்த வேலை. பிள்ளை சொந்தமாகக் கன்ஸ்ட்ரக்டர் வைத்துக்கொண்டால் தாயுடையது தானாக ஓடாது. ஒரு வரி எழுதிக் கூப்பிட வேண்டும்.)

பெஞ்சமேன் அந்த வரியை எழுதவில்லை.

தளம் திறந்த காலை, ஜெர்மேன் அம்மாள் கத்தினாள்.

“இன்னா மாப்ள இது? ஆளக் காணோம், சாவு தேதி மட்டும் நிக்குது!”

“ஒரு வரி விட்டுப்போச்சு அத்தே.”

“ரெட்டியார்பாளையம் வரன், அந்த திதியே, வாசல்ல குந்தினு இருக்காரு. ‘பிரெஞ்சுப் பட்டாளத்துல பென்ஷன் வாங்குறவன் நான், பொண்டாட்டி செத்ததுதான் என் உத்தியோகமா?’ன்றாரு.”

3

விட்டுப்போனதா, விட்டானா? ‘வேண்டுமென்றே’ என்று எழுதி அடித்துவிட்டேன். துக்கம் அவ்வளவு சாமர்த்தியமாக… (இந்த வாக்கியம் முடியவில்லை.)

நடந்தது சின்ன விஷயம். சோதித்துப் பார்க்கத் தன் விவரத்தைப் போட்டான். வேறு யார் மனைவி இறந்த தேதி அவனுக்கு மனப்பாடமாகத் தெரியும்? திரையில் அந்தத் தேதி வந்தது. வேறெதுவும் வரவில்லை. சரியாக இருக்கிறது என்று நினைத்தான்.

4

வரியைச் சேர்த்தான். எல்லோரும் பெயரோடு திரையில் எழுந்து வந்தார்கள். திதியே தன் வயதைப் பார்த்து மறுபடி சண்டை பிடித்தார். (அது பிழை அல்ல.)

“பத்துப் பேர்தான பதிஞ்சோம்? பதினொண்ணு காட்டுது,” என்று ஜெர்மேன் அம்மாள் குனிந்தாள். கடைசி வரியில் பெஞ்சமேன், வயது 29.

“சோதனைக்குப் போட்டது. அழிச்சிடறேன் அத்தே.”

“இருக்கட்டும். சமைக்கத் தெரியும்னு சேத்துக்குங்க.”

“தெரியாதே.”

“எம் பொண்ணு இன்னா, சோத்துக்கா உங்கள கட்டிக்கினா?”

அவன் சிரித்துவிட்டான். நான் எழுதாத சிரிப்பு.

முடிவு அ: அழித்தான். முடிவு ஆ: விட்டுவைத்தான், ஒரு கடிதம் வந்தது. இரண்டிலும் என் கைதான் தெரிகிறது.

அவள் காப்பி போடப் போயிருக்கிறாள். அவன் விரல் மவுஸின் மேல். என்னிடம் கேட்காதீர்கள், அழிப்பதா விடுவதா என்று அவனிடம் நீங்களே சொல்லுங்கள். டிகாக்‌ஷன் இறங்குவதற்குள்.